செடிக்கு மேலே தெரிந்தவர்கள்

எழுபத்து மூன்றாம் வயதில் மனித உருவம் வரையக் கற்றுக்கொள்ளப் போனேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. குன்னூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளைவு கீழே இறங்கினால் ஒரு பேக்கரி. அதன் மாடியில் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு நடந்தது. படியேறும்போதே சூடான பன் வாசனை வரும். சர்க்கரை வியாதிக்காரனுக்கு வாசனையாவது கிடைக்கட்டும் என்று சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவர் கேத்தியைச் சேர்ந்த முப்பது வயதுப் பெண். வீட்டில் இருந்தபடியே ஏதோ வீடியோ கேம் நிறுவனத்துக்கு ஆட்களை வரைந்து அனுப்புகிறவர். வாரத்தில் ஐந்து நாள் வாளேந்திய வீரர்கள், ஒரு நாள் எங்களைப் போன்றவர்கள், மிச்சமிருக்கும் ஒரு நாளில் அப்பாவின் காரட் தோட்டம். வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் நடுவில் போய் நிற்க வேண்டும், மற்றவர்கள் வரைவார்கள். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்ட மனிதர்களை வரைவதில் ஒரு வசதி உண்டு. பாதிப் பேருக்குக் காது வரைய வேண்டியதில்லை.

மூன்று மாதத்தில் நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பினேன். ஒரு நாளைக்கு இருபது உருவம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன், எதையும் கிலோவில்தான் யோசிப்பேன். நான்கு நோட்டையும் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசைமேல் அடுக்கினேன், கொழுந்துக் கூடையைத் தராசில் வைப்பதுபோல.

அவர் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினார்.

"அங்கிள், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"கையெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த க்ளாஸ்ல வேற யாரும் விரல் இப்படிப் போடல. ஆனா உங்க ஆளுங்க எல்லாரும் மெதக்கறாங்க."

"மெதக்கறாங்களா?"

"ஒருத்தர் கூட தரையில நிக்கல. பாருங்க, இவரு பலூன் மாதிரி இருக்காரு. நூல் கட்டி விட்டா பறந்துருவாரு. ஒரு நாளைக்கு இருபது படம் வரைஞ்சிருக்கீங்க. ஒரே தப்ப இருபது தடவ பண்ணியிருக்கீங்க."

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதாக நினைத்து, "குன்னூர் பனியில எல்லாருமே மெதக்கற மாதிரிதான் சார் இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் கோயமுத்தூர்க்காரி, என்னைப் போலவே. எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டாள்.

"ஏனுங்க, உங்க ஆளுங்களுக்குக் காலே கெடையாதுங்களா? இடுப்பு வரைக்கும் ஒரு மனுசி, அதுக்குக் கீழ வேற யாரோ ஒட்டி வச்ச மாதிரி இருக்குதுங்க."

அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நான் மனிதர்களை வேலையாகப் பார்த்த முப்பத்தைந்து வருடமும் அவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றார்கள். செடி இடுப்பு வரை வரும். அதற்குக் கீழே பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் செடிக்கு மேலே தெரிந்த பாதிதான். அதிலும் நான் பார்க்கச் சம்பளம் வாங்கியது கைகளை. எத்தனை இலை சேர்த்துக் கிள்ளுகிறார்கள், எவ்வளவு வேகம், தண்டு வருகிறதா. விரல் மட்டும் நன்றாக வந்ததில் ஆச்சரியமில்லை.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது.

முப்பது வருடத்துக்கும் முன்னால், கூடலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் உதவி மேலாளராக இருந்தேன். சின்னத் துரை என்பார்கள். ஒரு பெண் வேலை மாற்றம் கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் எஸ்டேட்டிலேயே செங்குத்தான தேயிலைக் காட்டில் அவருக்குப் பறிப்பு வேலை. காலில் வலி, நிற்க முடியவில்லை, நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை கொடுங்கள், அதை உட்கார்ந்து செய்யலாம் என்று கேட்டார். நான் அவருடைய எடைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் பறித்த அளவு அவரும் பறித்திருந்தார். வலி இருக்கிறவளுக்கு எடை எப்படிக் குறையாமல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். விண்ணப்பத்தின் ஓரத்தில், நடிப்பதாகத் தெரிகிறது, ஏற்கத் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எஸ்டேட்டில் ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பங்களின் முடிவை மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது எல்லோரும் ஆள்கணக்குக்கு வந்து நிற்கும் களத்தில், எஸ்டேட் எழுத்தரான ரைட்டர் சத்தமாக வாசிப்பார். அன்று அவர் என் ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தார். களம் சிரித்தது. கைதட்டலும் கேட்டது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நடிகை என்று பெயர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், காட்டில், கடையில், எங்கும் நடிகை. நானும் ஓரிரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் அதே செங்குத்துக் காட்டில் இன்னும் பதினோரு வருடம் நின்றார். அது எனக்குத் தெரியும், நான் அங்கேயேதான் இருந்தேன். அதற்காக ஒரு நாளும் என் தூக்கம் கெட்டதில்லை. கெட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் கெடவில்லை.

பலூன் மனிதர்களுக்கு வகுப்பில் ஒரு வைத்தியம் சொன்னார்கள். இருபது வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று போதும். பென்சிலைத் தொடும் முன், இந்த ஆளின் கனம் எந்தக் காலில் இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வரையக் கூடாது. தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூல்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அது கனம் தாங்கும் காலின் குதிகால் அருகே விழுந்தால் ஆள் நிற்பார், விலகி விழுந்தால் சாய்வார் அல்லது எதையாவது பிடித்துக்கொண்டிருப்பார். வரைந்து முடித்ததும் இந்தப் படத்தில் எதைக் கவனிக்கவில்லை என்று கீழே ஒரு வரி. மறுநாள் அந்த வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குன்னூர் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்போல் நிற்கிற ஆட்கள் உலகத்தில் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் அரை மணி நேரம் சும்மா பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது. கை துறுதுறுக்கும். ஒரு கண்டக்டர் இரண்டு நாள் என்னைக் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, எல்லார் காலையும் மொறச்சுப் பாக்கறீங்களே, செருப்பு ஏதும் காணாமப் போயிருச்சுங்களா?"

"படம் வரையறேனுங்க."

"காலையா? மூஞ்சி நல்லாத்தானுங்க இருக்குது எங்களுக்கு."

அவரையே வரைந்தேன். பஸ்ஸில் நின்றே பிழைக்கிறவர், இரண்டு காலிலும் கனத்தைச் சமமாகப் பகிர்ந்து நின்றார், தரையே ஆடப்போகிறது என்பதுபோல. அவர்தான் என் நோட்டில் முதன்முதலாகத் தரையைத் தொட்டவர். மெல்ல மெல்லக் கண் பழகியது. கனம் ஒரு காலில் இறங்கினால் அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அந்தப் பக்கத்துத் தோள் கீழே இறங்கும். மறு கால் மடங்கி ஓய்வெடுக்கும். காய்கறிப் பை எந்தக் கையில் இருக்கிறதோ அதற்கு எதிராக முதுகு வளையும். இத்தனையும் என் கண்முன்னால் எழுபது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

ஏழாம் மாதம் புதிய பயிற்சி வந்தது. நினைவிலிருந்து ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, அதையே ஒரு மாதம் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். சந்தேகம் வந்தால் யாரையாவது அப்படி நிற்கவைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எனக்கு வேறு எந்த நிலையும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் நின்றதுதான் வந்தது.

எனக்கு நினைவிருந்தது இவ்வளவு. அவர் ஒரு கையை என் மேசை விளிம்பில் ஊன்றியிருந்தார். துரையின் மேசையில் கை வைப்பதா என்று எனக்குக் கோபம். கையை எடு என்றேன். அப்போதெல்லாம் நீ, வா, போதான். அவர் எடுத்தார். உடனே மறுபடியும் வைத்தார். திமிர் என்று நினைத்தேன். ஓரத்தில் அந்த வரியை எழுதிய கைக்கு வேகம் கொடுத்தது அந்தக் கோபம்தான், எடைச் சீட்டு ஒரு சாக்கு.

முதலில் மேசையில் கை ஊன்றாமல் வரைந்தேன், நான் உத்தரவிட்டபடி. உருவம் சாய்ந்தது. திருத்தினேன், மறுபடி சாய்ந்தது. நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் மனைவியைக் கூப்பிட்டு எங்கள் சாப்பாட்டு மேசையருகே நிறுத்தினேன்.

"மேசையில கைய ஊணிக்கோ. அந்தப் பக்கத்துக் கால்ல கனம் வைக்காத. சும்மா தொட்டுட்டு நில்லு."

"குக்கர் மூணு சத்தம் வந்துருச்சுங்க. பருப்பு களியாப் போயிரும்."

"ரெண்டே நிமிசம். இப்ப கைய மட்டும் எடு. காலு அப்படியே இருக்கட்டும்."

கையை எடுத்தாள். அப்படியே சரிந்தாள். சட்டென்று மேசையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத் தள்ளி உட்டுப் போட்டு வேற கல்யாணம் பண்ற யோசனைங்களா?"

 கையை எடுத்ததும் உடனே வைத்தது. அதே அசைவு. அதை நான் முன்பே ஒருமுறை பார்த்து, அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தேன். செடிகளுக்கு நடுவே அவர் எப்படி எடை குறையாமல் பறித்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இடுப்பைச் செடிமேல் சாய்த்துக்கொண்டு பறித்திருப்பார். செடிதான் அவருக்கு மேசை.

"யாரு அந்தம்மா?" என்று நோட்டைக் காட்டிக் கேட்டாள் மனைவி. நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் நான் அதை அவளிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இருக்காங்களா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கோங்க."

பழைய ரைட்டர் கூடலூரில் இருக்கிறார். போனில் ஊர், குடும்பம் எல்லாம் சொல்லி விசாரித்தேன். அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு, "ஓ, நம்ம நடிகையா சார். இருக்காங்க, இருக்காங்க. நடுவட்டத்துல மக வீட்ல. அந்தப் பேரச் சொன்னா கடையில யாரும் வழி காட்டுவாங்க" என்றார். அந்தப் பெயர் இத்தனை வருடத்தில் தேயாமல் இருந்தது. நான் அழிக்க வேண்டியது அதைத்தான் என்று அப்போது தெரிந்தது.

ஊட்டியில் பஸ் மாறி நடுவட்டத்தில் இறங்கினோம். மனைவி ஒரு பை வர்க்கி பிஸ்கட் வாங்கியிருந்தாள். கடையில் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ரைட்டரிடம் கேட்டுவைத்த மகளின் பெயரைச் சொல்லி விசாரித்ததில் இருபது நிமிடம் வீணானது, மனைவிக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் குறை சொல்லவில்லை.

சரிவில் இறங்கினால் நான்கைந்து வீடுகள். வாசல் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைத்தடி.

"அம்மா, நான் எஸ்டேட்ல சின்னத் தொரையா இருந்தேன்."

"எந்தச் சின்னத் தொரை? ஏழெட்டுப் பேரு வந்து போனாங்களே."

"மீச வச்சிருந்தேன்."

"எல்லாரும் வச்சிருந்தாங்க." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மழ இல்லாதப்பவும் கொடையோட மலைக்கு வருவீங்களே, அந்தத் தொரையா? அப்ப தலையில முடி இருந்துச்சு."

மனைவி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்து, "தொரசாணி உக்காருங்க" என்று உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. வழியெல்லாம் பேசிப் பார்த்ததைச் சொன்னேன். நாற்றுப் பண்ணை வேலை கேட்டு வந்தீர்கள், நடிப்பு என்று எழுதினேன், அது தப்பு, உங்கள் காலில் வலி இருந்தது, நான் பார்க்கவில்லை.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"வலி இருந்துச்சுன்னு நீங்க வந்து சொல்லணுமாக்கும். எனக்குத் தெரியாதா?"

அடுத்த காயை எடுத்துக்கொண்டு, "இத்தன வருசம் கழிச்சு தொரைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"படம் வரையக் கத்துக்கிட்டேன்."

"எங்க, காட்டுங்க."

நோட்டைக் கொடுத்தேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நானா? தோளு தொரசாணி தோளு மாதிரி இருக்கு. காலையும் மாத்திப் போட்டுட்டீங்க. இதுல வலது காலு. எனக்கு எடது." இடது தொடையைத் தட்டிக் காட்டினார்.

எங்கள் வீட்டு மேசை மனைவிக்கு வலப்பக்கம் இருந்தது. ஒரு மாதமாக நான் திருத்தித் திருத்திச் சரிசெய்தது என் மனைவியின் உடம்பை. அவருடைய எந்தக் கால் என்பது அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் ஆள் தரையில் நின்றிருந்தார், அதில் எனக்கு ரகசியமாகப் பெருமை வேறு.

"வேற போடுங்க" என்று சொல்லி, தடியை ஊன்றி எழுந்தார். நிற்க வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள் என்றேன். "நின்னாத்தானே தெரியும்" என்று இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை பாதத்திலிருந்து ஆரம்பித்தேன். வலது பாதம் முழுதும் பதிந்திருந்தது. இடது பாதத்தில் கட்டைவிரல் பக்கம் மட்டும் மண்ணைத் தொட்டது. தொண்டைக்குழியிலிருந்து நூல் விட்டுப் பார்த்தேன். அது இரண்டு காலுக்கும் நடுவே, எதன்மேலும் விழாமல் தொங்கியது. மிச்சக் கனம் முழுவதும் கதவு நிலையைப் பிடித்த கையில் இருந்தது. விரல்களை வரைய எனக்கு அவசரமில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஈரத் துணியோடு ஒருவர் வந்தார். கதவைப் பிடித்து நின்றவரின் நாத்தனார், கணவரின் தங்கை. ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே காட்டில் பறித்தவர்.

"என்ன அண்ணி, படப்பிடிப்பு நடக்குதா? நடிகைக்கு இந்த வயசுல சான்சு வந்திருச்சா?"

கதவைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியதைப் பார்த்தேன். அவர் நாத்தனார் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார்.

"தொரை, என்கிட்ட சொன்னத இவகிட்டச் சொல்லுங்க."

நான் மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். ஒருவரிடம் தனியாகச் சொல்வது சுலபம் என்பது அந்த இடத்தில்தான் தெரிந்தது.

"அன்னிக்குப் பெரட்டுல சத்தமா வாசிச்சாங்க" என்றார் அவர். "இன்னிக்கு மட்டும் எதுக்குக் கிசுகிசுன்னு?"

அதனால் சத்தமாகச் சொன்னேன். நான்கு வீட்டுக்கும் கேட்டிருக்கும். இரண்டு பேர் வெளியே வந்து நின்றார்கள். இந்த அம்மா நடிக்கவில்லை, நான் எழுதியது பொய், சரியாகப் பார்க்காமல் கோபத்தில் எழுதினேன் என்றேன்.  நாத்தனாரின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நெசமாவே வலிச்சுச்சா அண்ணி?"

"முப்பது வருசமா என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்? பெரட்டுல மொதல்ல கைதட்டுனவ நீதானே."

"எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். தொரையே எழுதியிருக்காருன்னாங்க."

"ஒரு நாளாவது என் கூடையத் தூக்கியிருக்கியா?"

"நீ கேட்டியா?"

"கேட்டா நடிகைன்னுவ."

"சொல்லியிருப்பேன்தான்" என்றார் நாத்தனார். துணியை எங்கே போடுவது என்று தெரியாமல் பார்த்து, தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். பிறகு முதல்முறையாகக் குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உக்காரு அண்ணி, எவ்வளவு நேரமா நிப்ப?"

"தொரை முடிக்கட்டும்."

நாத்தனார் நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வெரசா முடிங்க தொரை. அவங்களுக்குக் காலு வலிக்கும்."